அம்மா வேண்டாமென்று சொன்ன வேலை

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களில் பாதிப் பேர் இந்தக் கதையை என் வாயால் ஏற்கெனவே கேட்டவர்கள்தான். ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறேன். பென்ஷன் எடுக்க வங்கி வாசலில் காத்துக்கிடக்கும்போது சொல்லியிருக்கிறேன். "கைக்கு வந்த கவர்மெண்ட் வேலையை வேண்டாமென்று சொன்ன ஒரே பெண்பிள்ளை இந்தக் காரைக்கால் சீமையிலேயே எங்கள் அம்மாதான்" என்று ஆரம்பிப்பேன். நீங்களும் தலையில் அடித்துக்கொள்வீர்கள். அந்தக் கதை தப்பு. தப்பு என்று எனக்குத் தெரிந்தே முப்பது வருஷம் ஆகிறது. தெரிந்த பிறகும் இரண்டு மூன்று தடவை அப்படியேதான் சொன்னேன். இப்போது எண்பதைத் தொட்டாயிற்று, இனிமேல் எனக்கு என்ன மரியாதை குறைந்துவிடப் போகிறது. சரியாகச் சொல்கிறேன், கேளுங்கள். நடுவில் மூட்டுவலித் தைலத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்க வேண்டாம்.

பிரெஞ்சு வெள்ளைக்காரன் காரைக்காலை விட்டுப் போன வருஷம், ஐம்பத்து நாலில், எனக்குப் பத்து வயது. வரிச்சிக்குடிக்கு அந்தப் பக்கம், வயலுக்கு நடுவில் பன்னிரண்டு குடிசை. எல்லாம் பண்ணையின் மனை. கடைசிக் குடிசை எங்களுடையது, பின்னால் வாய்க்கால். அப்பா பட்டணத்துக்கு மூட்டை தூக்கப் போகிறேன் என்று கிளம்பியபோது தம்பி அம்மா வயிற்றில் நாலு மாதம். போனவர் ஒரே ஒரு கடுதாசி போட்டார், அதோடு சரி. தம்பிக்கு எட்டு மாதம் ஆகியும் அப்பன் முகம் தெரியாது. அவர் என்ன ஆனார் என்பது தனிக் கதை, அதைச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

அம்மாவுக்குத் தெரிந்த வேலை நடவு. எங்கள் நடவுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கைப்பிள்ளைக்காரிக்கு எப்போதும் வரப்போரத்து இடம்தான். வரப்பில் நிற்கிற பூவரச மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிடுவாள். அது அழுதால் சேற்றுக் காலோடு ஏறி வந்து பால் கொடுத்துவிட்டு இறங்கலாம். அவள் விட்ட இடத்தைப் பக்கத்தில் இருப்பவர்கள் சேர்த்து நட்டுக்கொடுப்பார்கள். யாரும் முணுமுணுக்க மாட்டார்கள், நாளைக்கு அவர்களுக்கும் அந்த இடம் வேண்டியிருக்குமே. அதனால் தம்பி வயலில் வளர்ந்தான், நான் பள்ளிக்கூடம் போனேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நட்டவளுக்குத்தான் அறுப்பு. சேற்றில் குனிந்தவள்தான் தை மாதம் அரிவாளோடு போய் நிற்கலாம், கூலி நெல் வாங்கலாம். நடவுக்கு வராதவளுக்கு அறுப்பில் இடம் கிடையாது. அந்த நெல்தான் எங்களுக்கு வருஷச் சோறு.

எதிர்க் குடிசையில் ஒரு சின்னம்மா இருந்தாள். சொந்தம் இல்லை, கூப்பிடுகிற முறைதான். புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாதவள். காரைக்கால் பெரிய ஆஸ்பத்திரியில் வாசல் கூட்டுகிற தினக்கூலி வேலை. அந்தப் புரட்டாசியில் ஒரு நாள் சாயங்காலம் ஓட்டமும் நடையுமாக வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தாள்.

"புள்ளப்பேறு வார்டுல இருந்த ஆயா கெழவி வேலைய விட்டு நிக்குது. அந்தக் கன்னியாஸ்திரி அம்மா ஆள் கேக்குறாங்க. புள்ள பெத்தவளா, கை சுத்தமா இருக்கணுமாம். நான் உன் பேரச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"ஆஸ்பத்திரி வேலை எனக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

"என்னத்த தெரியணும். பச்சப் புள்ளையக் குளிப்பாட்டணும், துணி அலசணும், சுடுதண்ணி போடணும். நீ செய்யாததா. ரெண்டு மாசம் பாப்பாங்க. புடிச்சுப்போச்சுன்னா பேரு பதிஞ்சுக்குவாங்க. அப்பறம் மாசம் பொறந்தா சம்பளம்."

மறுநாள் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வந்தவள் குடத்துத் தண்ணீரைக் குடித்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "வெயிலும் மழையும் மேல படாத வேலைன்னு ஒண்ணு இருக்குடி." அதை அவள் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஏதோ புதுப் பலகாரம் தின்றுவிட்டு வந்த குழந்தை சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஒரே ஒரு சங்கடம். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. அங்கே தூளிக்கு மரமும் இல்லை, வரப்போரமும் இல்லை. பக்கத்தில் யாரிடமாவது விடலாமென்றால் நடவுக்காலத்தில் குடிசைகளில் ஒரு ஈ காக்கை இருக்காது.

"தம்பி நடக்குற வரைக்கும் நீ பாத்துக்க. ஒரு வருஷந்தான். அப்பறம் பள்ளிக்கூடம் போவலாம்" என்றாள்.

எங்கள் தெருவில் ஒரு வருஷத்துக்கென்று பள்ளிக்கூடத்தை விட்ட பெண்கள் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் நடவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. தலையை ஆட்டினேன்.

இரண்டாம் நாளே பண்ணைக் காரியக்காரர் வந்துவிட்டார். குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். "ஆஸ்பத்திரிக்காரி ஆயிட்டியாமே. ஆவு. ஆனா நடவ விட்டுட்டுப் போனா தையில அருவாளோட வந்து நிக்காத."

"நிக்கலைங்க அய்யா" என்றாள் அம்மா. அவ்வளவுதான். அவர் போன பிறகு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். அவரிடம் அவள் அப்படி நிமிர்ந்து பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

அந்த வேலைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு புடவை கொடுத்தார்கள். வெள்ளையில் நீலக் கரை. இருந்தது ஒன்றே ஒன்று. சாயங்காலம் வந்ததும் துவைத்து அடுப்புக்கு மேலே கொடியில் போடுவாள், விடிவதற்குள் காய்ந்தும் காயாமலும் இருக்கும், புகை வாடையோடு கட்டிக்கொண்டு கிளம்புவாள். ஒன்றரை மணி நேர நடை. விடிந்தும் விடியாமலும் சின்னம்மாவும் அவளும் வரப்பில் போவதைப் பார்த்துக்கொண்டு நான் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற அம்மா வேறு அம்மா. பினாயில் வாடை. சேற்று வாடையும் வெற்றிலை வாடையும் அடித்த அம்மாவிடம் ஓடித் தாவிய தம்பி, இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மார்பில் வாய் வைக்க மாட்டேன் என்று அழுதான். அம்மா வாய்க்காலில் இறங்கிக் கழுத்துவரை சாம்பலைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து எடுத்தால்தான் குடிப்பான். பகலெல்லாம் பால் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்து காய்ந்து விறைத்திருக்கும். "அங்க என்னம்மா செய்வ?" என்று ஒரு நாள் கேட்டேன். "பின்னாடி ஒரு வாழைக்கன்னு இருக்கு. அதுக்கடியில பீச்சி விட்டுடுவேன்" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்த வாழை குலை தள்ளியதா என்று நான் கேட்கவில்லை.

அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு நான் சொன்ன கதையில் அவளை ஒன்றும் தெரியாத பேக்காக்கிவிட்டேன். கப்பல் வியாபாரம் பண்ணுகிற வீட்டு மருமகள் ஒருத்தி பிள்ளை பெற்றுவிட்டுப் போகும்போது அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம், அதைப் பத்து தடவை சொல்லியிருப்பாள். கொதிக்கிற தண்ணீரில் கத்தரிக்கோலைப் போட்டு எத்தனை நேரம் வைக்க வேண்டும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலே கிடையாது.

ஊரில் அப்போது ஒரே பேச்சு, வெள்ளைக்காரன் போகிறான் என்பதுதான். டீக்கடையில் ஆளுக்கொன்று சொன்னார்கள். போகும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலையெல்லாம் கழற்றிக் கப்பலில் ஏற்றிவிடுவானாம். அவன் கொடுத்த பட்டயம் செல்லாதாம். அவன் கப்பலேறினால் அவன் கொடுத்த வேலையும் கப்பலேறிவிடுமாம். காரியக்காரரே இதை அம்மாவிடம் வழியில் நிறுத்திச் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். "கட்டில ஏத்திக்கிட்டுப் போனாத்தான் என்ன. அதுக்காவ காரைக்கால்ல பொம்பளைங்க புள்ள பெக்காம இருக்கப் போறாளுவளா?"

இப்படிப் பேசியவள்தான் ஒரு மாதம் கழித்து டீக்கடைப் பேச்சை நம்பி வேலையை விட்டாள் என்று நான் நாற்பது வருஷம் நம்பினேன். வாத்தியார் வேலை பார்த்தவள், கூட்டல் கணக்கு இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள். எனக்கு இது உறைக்கவே இல்லை.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா எங்கள் தெருப் பெண் ஒருத்தியிடம் எனக்குச் சொல்லி அனுப்பினார். புதுக் கொடி ஏற்றும் நாளன்று எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பாட வேண்டுமாம். நம் பள்ளிக்கூடத்தில் குரல் உள்ளவள் நீதான், பாட்டுப் பழக மட்டுமாவது வா, முன் வரிசையில் உனக்கு இடம் வைத்திருக்கிறேன் என்று சொல்லச் சொன்னாராம்.

முன் வரிசை. ஒரு மாதமாகப் பீத்துணி அலசிக்கொண்டு, தம்பி வாய்க்கால் பக்கம் தவழாமல் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிடந்த எனக்கு அந்த வார்த்தை போதும். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாள் என்று யோசிக்கக்கூட இல்லை.

அம்மாவின் பழைய சேலைக் கிழிசல் ஒன்று இருந்தது. அதைத் தம்பி இடுப்பில் சுற்றி, மறுமுனையைக் குடிசை நடுக்காலில் கட்டினேன். தவழ்கிற பிள்ளையை இப்படிக் கட்டிப்போடுவது ஊரில் எல்லோரும் செய்வதுதான். அடுப்படியில் இருக்கும்போது, மாவு இடிக்கும்போது, கண்ணெதிரில். நான் கட்டிப்போட்டுவிட்டுப் படலைச் சாத்திக்கொண்டு ஓடினேன். முதல் நாள் திரும்பி வந்தபோது அழுது அழுது தூங்கியிருந்தான். இரண்டாம் நாள் ஒரு தகரக் குவளையும் கரண்டியும் கொடுத்தேன், தட்டிக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை என்றதும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. நாலைந்து நாள் இப்படியே ஓடியது. அம்மா வருவதற்கு வெகுநேரம் முன்னாலேயே அவிழ்த்து, கழுவி, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

பிறகு ஒரு நாள், எல்லாப் பள்ளிக்கூடமும் காரைக்காலில் ஒன்றாகச் சேர்ந்து நடந்து பழக வேண்டும் என்றார்கள். காலையில் போனால் மத்தியானம் தாண்டித்தான் திரும்ப முடியும். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். அன்றைக்கு அவன் அதிகம் அழாமல் இருக்க வேண்டுமே என்று பானையைத் துழாவி, இருந்த ஒரு கட்டி வெல்லத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனேன்.

காரைக்கால் தெருவில் நாங்கள் பாடிக்கொண்டு போனதை நான் வர்ணிக்கப் போவதில்லை. வாத்தியாரம்மா எனக்கு மட்டும் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டிருந்தார். அன்று மழை இல்லை. முன் வரிசையில் நடுவில் நான். அவ்வளவு சந்தோஷமாக அதற்குப் பிறகு எந்த நாளும் நான் இருந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட. இப்படிச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரும்பி ஓடி வந்தபோது படல் திறந்திருந்தது. உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தாள், வெள்ளைப் புடவையோடு, குளிக்காமல். மடியில் தம்பி. அந்தப் பினாயில் வாடையிலேயே பால் குடித்துக்கொண்டிருந்தான். அவன் உதடு இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு கண் திறக்கவில்லை. கழுத்திலும் கையிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. வெல்லத்துக்கு எறும்பு வந்திருக்கிறது. செவ்வெறும்பு. நகர்ந்து போக அவனைக் கட்டியிருந்த கிழிசலில் நீளம் இருக்கவில்லை.

"தண்ணிக்குப் போயிருந்தேம்மா. செத்த நேரந்தான். அதுக்குள்ள எறும்பு வந்துட்டு" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கையில் குடம் இல்லை. "மழைக்காலம். எறும்பு மேல ஏறி வரத்தான் செய்யும்" என்றாள்.

"நீ ஏம்மா இப்பவே வந்துட்ட?"

"இன்னக்கி வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்க." பிறகு என் தலையைப் பார்த்து, "ரிப்பன் யாரு குடுத்தா?" என்று கேட்டாள்.

"வாத்தியாரம்மா."

"நல்லா இருக்கு" என்றாள்.

அடிக்கவில்லை, திட்டவில்லை. தம்பிக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுக்கொண்டே இருந்தாள். அந்தக் கிழிசலைத் துவைத்துக் கொடியில் போட்டாள். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். பத்து வயதில் சொன்ன பொய் பலித்துவிட்டது என்று ஐம்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன் என்றால் என் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் சின்னம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மத்தியானமே திரும்பி வந்துவிட்டாள், தன் பழைய கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு. வேலையை விட்டுவிட்டேன் என்றாள். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: "வெள்ளைக்காரன் போறானே. அவனோட இதுவும் போயிடும். இருக்குற நடவ விடுவானேன்?" எல்லோரும் தலையை ஆட்டினார்கள். புத்திசாலி என்றார்கள். காரியக்காரர்கூட, "இப்பவாச்சும் தெரிஞ்சுதே" என்றார். ஆனால் சொன்ன சொல்லை அவர் மாற்றவில்லை. நடவு முடிகிற சமயம், களை பறிக்கத்தான் எடுத்துக்கொண்டார்.

என்னைப் பள்ளிக்கூடம் போகச் சொன்னாள். கொடி ஏற்றிய நாளன்று தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு காரைக்காலுக்கே வந்தாள், கூட்டத்துக்குப் பின்னால் நின்று நான் பாடுவதைப் பார்க்க.

வெள்ளைக்காரன் போனான். கட்டில் போகவில்லை. ஆஸ்பத்திரி போகவில்லை. பேர் பதிந்திருந்த ஒருவருக்கும் வேலை போகவில்லை. அம்மா விட்ட இடத்தைச் சின்னம்மாவுக்குக் கொடுத்தார்கள். அந்த நீலக் கரைப் புடவையையே அவள் கட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனாள். கப்பலேறிவிடும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தன. "என்னா, கப்பல் போயிட்டா?" என்று கேலி பண்ணுவார்கள். அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். அந்தத் தையில் எங்கள் வீட்டில் புது நெல் இல்லை. மற்றவர்கள் அறுத்துவிட்டுப் போன வயலில் அம்மா உதிர்ந்த கதிர் பொறுக்கினாள். பொங்கலுக்குச் சின்னம்மா கொடுத்த அரிசியைத்தான் போட்டாள்.

அதற்கப்புறம் முப்பது வருஷம் நட்டாள். சேற்றுப்புண் ஆறாத கால். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த அந்த ஐந்து வாரத்தில் மட்டும்தான் அவள் கால்விரல் இடுக்கு காய்ந்திருந்தது. நான் படித்தேன், டிரெய்னிங் முடித்தேன், வேலைக்குப் போனேன். தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு பேரைப் படிக்கவைக்க நடவுக் கூலி பத்தவில்லை. எட்டாவதோடு நிறுத்தி அம்மா அவனை ஒரு லாரிப் பட்டறையில் சேர்த்துவிட்டாள். இன்றுவரை அவனுக்கு அதில் ஆற்றாமைதான். "அம்மா மட்டும் அந்த வேலைய உடாம இருந்திருந்தா நானும் ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்திருப்பேன்" என்பான்.

நான் மட்டும் என்ன யோக்கியம். அம்மா என்னோடு இருந்த காலத்தில், மருந்துச் செலவு ஏறும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். "சின்னம்மாவைப் பார். பென்ஷன் வாங்கிக்கொண்டு மகாராணி மாதிரி இருக்கிறாள். உனக்குக் கொஞ்சம் புத்தி இருந்திருந்தால் உனக்கும் அது வந்திருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை இல்லை. "ஆமாடி, எனக்கு என்ன தெரியும், கைநாட்டு" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

அம்மா போய்ப் பதினாறாம் நாள். சடங்கெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா கொல்லையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். எழுபது தாண்டிவிட்டவள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வாய் சும்மா இருக்காமல், "நீங்கள் கொடுத்துவைத்தவர் சின்னம்மா. எங்கள் அம்மா தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவள்" என்றேன்.

சின்னம்மா இடிப்பதை நிறுத்தினாள்.

"இன்னமும் நீ அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கியா?" என்றாள்.

"பின்னே?"

"அவ உசுரோட இருக்குறவரைக்கும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இப்பத்தான் போயிட்டாளே." உரலைத் தள்ளிவைத்தாள். "அன்னக்கி ரெண்டு பேரும் ஆஸ்பத்திரி மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தோம். கீழ தெருவுல பாட்டுச் சத்தம். ஒங்கம்மா எட்டிப் பாத்தா. 'அடியே, என் பொண்ணுடி. மொத வரிசையில வருது பாரு'ன்னா. மொகமெல்லாம் சிரிப்பு. கையைத் தூக்கிக் காட்டுனா, நீ பாக்கல. நீங்க தெருக்கோடி திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா. அதுக்கப்பறந்தான், 'அப்ப புள்ள யாருகிட்ட இருக்கு'ன்னு என்னையக் கேட்டா."

நான் இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தேன்.

"ஈரத் துணிய அப்படியே போட்டுட்டு ஓடுனா. மாடிப்படியில விழுந்து எழுந்து ஓடுனா. வாய்க்கால்ல தண்ணி கரைய முட்டிக்கிட்டுப் போன நேரம். வழியெல்லாம் என்ன நெனச்சுக்கிட்டு ஓடியிருப்பான்னு பாத்துக்க."

"அப்படியென்றால் மறுநாள் வேலையை விட்டது..."

"வெள்ளைக்காரன் போறான்னா? அடப் போடி. மறுநாள் அந்த ஆபீஸ்ல எழுதுறவரு எங்க ரெண்டு பேரையும் வச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. ஆட்சி மாறுறதுக்குள்ள பேரு பதிஞ்சுக்க, யாரு வந்தாலும் இந்த வேலை போவாது, கெழவியாவுற வரைக்கும் சோறு போடும்னு. ஒங்கம்மா நின்னு கேட்டா. எல்லாத்தையும் கேட்டுட்டு, எனக்கு வேணாங்கய்யா, இவளுக்குக் குடுங்க, புள்ள பெக்காட்டியும் கை சுத்தம்னா."

சின்னம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "திரும்பி வர்ற வழியெல்லாம் நான் சண்டை போட்டேன். பொண்ண நாலு சாத்து சாத்தி வீட்டுல உக்கார வையி, ஒரு வருஷம் கடுகா பறந்துடும்னேன். 'மெரட்டி உக்கார வச்சா இருக்கும்டி. ஆனா அது பாடுனத நீயுந்தானே பாத்த'ன்னா. ஊருக்கு என்ன சொல்லுவன்னு கேட்டேன். 'எல்லாரும் சொல்றதையே நானும் சொல்லிட்டுப் போறேன். பொண்ணு பேரு இதுல வரக்கூடாது'ன்னா. நானும் வாய மூடிக்கிட்டேன். அந்த வேலையத்தானே நான் பாத்தேன். எந்த மொகத்த வச்சுக்கிட்டுப் பேசுறது."

கூடத்திலிருந்து தம்பி குரல் கேட்டது. இலை போதவில்லை, இன்னும் இரண்டு கட்டு எடுத்து வா என்று என்னைக் கூப்பிட்டான். எழுந்து போய் எடுத்துக் கொடுத்தேன்.

அவள் திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம். ஒரே ஒரு நாள், நான் பென்ஷன் என்று வாயைத் திறந்தபோது, "நீ செஞ்சதுடி அது" என்று சொல்லியிருக்கலாம். நான் பேசிய பேச்சுக்கெல்லாம் பதில் அவள் கையிலேயே இருந்தது. நாற்பது வருஷம் அதை எடுக்கவே இல்லை. நான் வாங்குகிற ஒவ்வொரு மாதப் பென்ஷனும் அவள் வேண்டாமென்று சொன்னதுதான். இதை என்னால் யாரிடமும் சொல்லி அழ முடியவில்லை, ஏனென்றால் சொன்னால் எறும்பையும் சொல்ல வேண்டும்.

சென்ற பொங்கலுக்குத் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் பேத்திக்கு அரசு வேலை கிடைத்திருந்தது, வீடு கொள்ளாத சந்தோஷம். எழுபது வயதில் அவனுக்கும் கதை சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து ஆரம்பித்தான்: "நம்ம குடும்பத்துல மொத கவர்மெண்ட் வேலை இது இல்ல. அறுவது எழுவது வருஷத்துக்கு முன்னாடியே வந்துது. எங்கம்மா, வெள்ளைக்காரன் கப்பலேறுனா வேலையும் ஏறிடும்னு அத உட்டுட்டு வந்து நின்னுச்சு. விவரம் பத்தாத சென்மம்." பிள்ளைகள் சிரித்தார்கள். பேத்தி மட்டும், "நெஜமாவா அத்தப்பாட்டி, அவ்வளவு அப்பாவியா அவங்க?" என்று என்னைக் கேட்டாள்.

தம்பியும் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு ஒன்றுமே தெரியாது.

"ஆமா" என்று சொன்னேன்.